ஒன்பதாவது பக்கம்

ஜூன் 5, திங்கள்

பால்காரர் தண்ணீர் கலக்கிறார். இன்று அளந்தே பார்த்துவிட்டேன். பால்மானி இருபத்துநான்கைத் தாண்டவில்லை. கேட்டால் "மாடு மாறிருச்சுங்க" என்கிறார். எப்போது மாறியது என்றால் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுகிறார். இந்த நோட்டைப் போட்டதே இதற்காகத்தான். தேதி போட்டு எழுதி வைத்துவிட்டால் பிற்பாடு யாரும் பேச்சை மாற்ற முடியாது.

அலுவலகம் போனதும் ஹெலன் மேடத்தின் அழைப்பு. அந்தியூருக்கு மேலே மலை ஊர்களில் கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்க நான்கு செவிலியர்களை வைத்திருக்கும் அறக்கட்டளைக்கு அவர்தான் பொறுப்பாளர். அந்தச் செவிலியர்கள் பயன்படுத்தும் செயலியை நாங்கள் செய்து கொடுத்தோம். நாங்கள் என்றால் பீளமேட்டில் ஐந்து பேர் உட்காரும் ஓர் அறை. செயலியை எழுதியது நான்.

"நந்தகோபால், போன மாசம் புது ஆப் குடுத்தீங்களே, அதுக்கப்பறம் பதிவு கொறையுது. செங்கமலம்னு ஒரு சிஸ்டர். பத்தொன்பது வீடு போனேன்னு சொல்றாங்க. எனக்கு வந்தது எட்டு."

"மத்தவங்களுக்கு மேடம்?"

"மத்த மூணு பேருக்கும் பெருசா கொறையல."

மூன்று பேருக்குச் சரியாக வேலை செய்யும் செயலி நான்காவது ஆளுக்கு மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்? பிழை செயலியில் இல்லை. ஆளில் இருக்கிறது.

ஜூன் 7, புதன்

செங்கமலத்தின் போனிலிருந்து வந்த தடயங்களை எடுத்துப் பார்த்தேன். நிரப்பிய விவரங்கள் கடைசிப் பக்கத்தில் 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால்தான் எங்களுக்கு வரும். ஆனால் படிவத்தை எப்போது திறந்தார், எங்கே திறந்தார் என்பது தானாகவே வந்துவிடும். அது அவருக்குத் தெரியாது.

மே 29: ஒரு வீட்டில் 10.12-க்குத் திறந்திருக்கிறார். அதே வீட்டில் 10.31-க்கு மறுபடியும். 10.52-க்கு இன்னொரு தடவை. அனுப்பியது ஒன்றுகூட இல்லை. பிறகு அடுத்த வீடு. அங்கேயும் இரண்டு தடவை.

நேர்மையாக வேலை செய்கிற ஒருவர் ஒரே பெண்ணுக்கு மூன்று தடவை படிவம் திறப்பாரா? எங்கேயோ நிழலில் உட்கார்ந்துகொண்டு திறந்து திறந்து மூடினால்தான் இப்படி வரும்.

ஜூன் 8, வியாழன்

போனில் பேசினேன். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் குரல். பதற்றமே இல்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

"சார், பாதிக் கேள்வி முடிஞ்சதும் பொட்டுன்னு மூடிக்குதுங்க. மறுக்காத் தொறந்தா மொதல்ல இருந்து பேரு கேக்குது. அந்தப் புள்ளைகிட்ட மறுபடியும் கையைக் குடு, பிரஷர் பாக்கோணும்னா, எத்தன தடவைங்கக்கான்னு சிரிக்குது."

"எந்த எடத்துல மூடுது?"

"ஒன்பதாவது பக்கத்துலங்க. கர்ப்பிணி அட்டைய போட்டோ எடுக்கச் சொல்லுதுல்லங்க, அங்க. காலைல போனை அணைச்சுப்போட்டுத் தொறந்தா ஒண்ணு ரெண்டு தப்பிப் போயிருது."

"எங்க ஆபீஸ் போன்ல அப்படி ஆகலையே சிஸ்டர்."

"உங்க போன் என்ன போனுங்க சார்?"

கேள்விக்குப் பதிலாக இன்னொரு கேள்வியைக் கேட்பவர்கள் எதையோ மறைப்பவர்கள். மற்ற மூவரும் சொந்தப் போன் வைத்திருக்கிறார்களாம். இவரிடம் இருப்பது அறக்கட்டளை கொடுத்த பழைய போன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

மாலையில் காஸ் சிலிண்டர் வந்தது. எடை போட்டு வாங்கினேன்.

ஜூன் 9, வெள்ளி

கோகிலவாணி அலுவலகத்தின் நான்கு போன்களிலும் சோதித்தாள். எதிலும் மூடவில்லை. சோதனை செய்வது மட்டும்தான் அவள் வேலை. ஆனால் போகிற போக்கில் கேட்டாள்:

"மே மாசம் ஆப்ல இருந்து சில வரிகளை எடுத்தீங்களே அண்ணா, திரும்பப் போட்டுட்டீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

சும்மா யாரும் எதையும் கேட்பதில்லை. இந்தப் பெண் சேர்ந்து ஒன்பது மாதம்தான் ஆகிறது. எங்கள் முதலாளி சபாபதி சாரிடம் தனியாகப் பேசுவதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

ஜூன் 12, திங்கள்

ஹெலன் மேடத்துக்கு அறிக்கை அனுப்பினேன். 'செயலியில் பிழை எதுவும் காணப்படவில்லை. பயன்படுத்துபவரின் நடவடிக்கையைச் சரிபார்க்கவும்.' சபாபதி சார் படித்துவிட்டு, "கச்சிதமா இருக்கு" என்றார். அறக்கட்டளை இன்னும் இரண்டு மலைகளுக்கு இதே செயலியைக் கொண்டுபோக யோசிக்கிறது. இந்த நேரத்தில் பெயர் கெடக்கூடாது என்றார்.

ஜூன் 15, வியாழன்

செங்கமலமே கூப்பிட்டார். என் எண்ணை யார் கொடுத்தது?

"சார், என்ரகிட்ட விளக்கம் கேட்டுக் கடுதாசி குடுத்திருக்காங்க. அது கெடக்குது. சித்தம்மான்னு ஒரு புள்ளைங்க, மொதல் பிரசவம், ஏழு மாசம் முடிஞ்சிருச்சு. நேத்துப் பிரஷர் நூத்தி நாப்பத்தாறுக்குத் தொண்ணூத்தெட்டு. ரெண்டு தடவ போட்டேன், ரெண்டு தடவையும் மூடிக்கிச்சு. டாக்டருக்குச் செய்தி போச்சான்னு பாத்துச் சொல்லுங்க சார்."

நூற்று நாற்பதைத் தாண்டினால் அறக்கட்டளையின் மருத்துவருக்குத் தானாகச் செய்தி போகும்படி அமைத்திருக்கிறேன். செய்தி போனால்தான் ஜீப்பை அனுப்புவார்கள்.

"பதிவு வந்தாத்தான் போகும் சிஸ்டர். நீங்க ஆபீஸ்ல நேர்ல சொல்லலாமே."

"சொன்னேனுங்க. ஆப்ல வரட்டும், அப்பறம் பாக்கலாங்கறாங்க. நான் சொன்னா இப்ப யாரு நம்பறாங்க?"

விளக்கம் கேட்ட மறுநாளே இப்படி ஒரு நோயாளி. நூற்று நாற்பத்தாறு. எல்லையைத் தாண்டிச் சரியாக ஆறு. ரொம்பப் பொருத்தமான எண். ஹெலன் மேடத்துக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால், செயலி மூடுகிறது என்பதை நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது.

ஜூன் 17, சனி

மேல்வீட்டுக்காரர் மோட்டாரை முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். நேரம் குறித்திருக்கிறேன். கல்பனா, "ஏங்க, நீங்க இந்த உலகத்துல யாரத்தான் நம்பறீங்க?" என்றாள். உன்னை என்றேன். சிரிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 20, செவ்வாய்

முடிவெடுக்கும் முன் ஒரு தடவை நேரில் பார்த்துவிடுங்கள் என்று ஹெலன் மேடம் கேட்டுக்கொண்டதால் மலைக்குப் போனேன். கையோடு பிடித்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் போனேன். அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

செங்கமலம் பேருந்து நிற்கும் இடத்தில் காத்திருந்தார். ஒல்லியான உடம்பு, ரப்பர் செருப்பு, தோளில் பிரஷர் மிஷின் பை. மூன்று கிலோமீட்டர் ஏற்றம். எனக்கு மூச்சு வாங்கியது. நடுவில் நின்று, "தண்ணி குடிங்க சார், அவசரமில்ல" என்றார்.

முதல் வீட்டில் ஐந்து மாதக் கர்ப்பிணி. செங்கமலம் சுவரில் சாயாமல், பெண்ணின் கையைத் தன் மடியில் வைத்துப் பொறுமையாக அளந்தார். எடை பார்த்தார். கால் வீக்கம் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார். ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுப் போனில் போட்டார். எட்டுப் பக்கம். ஒன்பதாவது பக்கத்தில் கேமரா திறந்தது. அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் படம் எடுத்தார். கேமரா மூடியது.

திரையில் செயலியின் முதல் பக்கம். பெயர், கடவுச்சொல்.

அவர் என்னிடம் போனைக் காட்டவில்லை. நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும்.

"இப்பப் பாத்தீங்களா சார்?"

அந்தப் பெண் தானாகவே மறுபடி கையை நீட்டினாள்.

நான் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்க்க ஒன்றும் இல்லை. போனின் நினைவகம் மிகவும் குறைவு. கேமராவுக்கு இடம் வேண்டுமென்றால் பின்னால் காத்திருக்கும் செயலியைப் போன் மூடிவிடும். மூடுவதற்கு முன், வைத்துக்கொள்ள வேண்டியதை வைத்துக்கொள் என்று செயலிக்கு ஒரு கணம் கொடுக்கும். அந்தக் கணம் எல்லாப் போனிலும் உண்டு. பெரிய போன்களில் அது தேவைப்படுவதில்லை, அவ்வளவுதான்.

"போன் பழசு சிஸ்டர்" என்றேன்.

"பழசுதானுங்க. போன சித்திரைல கூட இதே போன்தானுங்க. அப்ப மூடிக்கிட்டாலும், தொறந்தா விட்ட எடத்துல நின்னுக்கிட்டு இருக்கும்."

திரும்பும் வழியில் ஹெலன் மேடம் கூப்பிட்டார். "என்ன பாத்தீங்க?"

பேருந்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. சத்தம் அதிகம்.

"போன் பழசு மேடம். மத்தபடி ஒண்ணுமில்ல."

ஜூன் 21, புதன்

நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மே மாதம் அறக்கட்டளையின் பெரியவர்களுக்குப் புதுச் செயலியைக் காட்ட வேண்டியிருந்தது. அதுவரை ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் அதுவரை நிரப்பியதைச் செயலி போனிலேயே எழுதி வைத்துக்கொண்டிருந்தது. அதனால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு நொடி தயங்கியது. அவர்கள் முன்னால் தயங்கக் கூடாது என்று அந்த வரிகளை எடுத்துவிட்டேன். ஒரு நாளைக்கு மட்டும். செயலி வழுக்கிக்கொண்டு ஓடியது. கை தட்டினார்கள். திரும்பப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்பதுவரை நிச்சயம்.

இன்று காலை அந்த வரிகளைத் திரும்பப் போட்டேன். தயக்கமும் வராதபடி எழுத இருபது நிமிடம்தான் ஆனது. 'சிறு மேம்பாடுகள்' என்று குறிப்பிட்டுப் பதினொரு மணிக்கெல்லாம் எல்லாப் போனுக்கும் அனுப்பிவிட்டேன். இனி மூடாது. மூடினாலும் எதுவும் போகாது.

ஆக, பிரச்சினை தீர்ந்தது. தீர்ந்துவிட்டதைப் பற்றிக் கடிதம் எழுதிக் குழப்ப வேண்டியதில்லை.

ஜூன் 22, வியாழன்

கோகிலவாணி என் திரையை எட்டிப் பார்க்கிறாள். நான் டீ குடிக்கப் போய்த் திரும்பும்போது என் நாற்காலி வேறு பக்கம் திரும்பியிருந்தது. செயலியில் யார் எந்தத் தேதியில் எந்த வரியை எடுத்தார், போட்டார் என்பதெல்லாம் பெயரோடு பதிவாகி இருக்கும். அதை யாரும் அழிக்க முடியாது. அவளுக்கு அதைப் பார்க்கத் தெரியும்.

ஜூன் 23, வெள்ளி

செங்கமலத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். போனையும் பிரஷர் மிஷினையும் வாங்கிக்கொண்டார்களாம். என்னுடைய ஜூன் 12 அறிக்கையையும், மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னதையும் வைத்துத்தான் முடிவு என்று ஹெலன் மேடம் மின்னஞ்சலில் நன்றி சொல்லியிருக்கிறார்.

விசாரணை இருக்கிறது. அங்கே எல்லாம் தெளிவாகிவிடும்.

ஜூன் 24, சனி

ஸ்கூட்டரை சர்வீசுக்கு விட்டேன். பழைய பிரேக் கட்டையைக் காட்டச் சொன்னேன். காட்டினான். அது என் வண்டியினுடையதுதானா என்பது தெரியவில்லை.

ஹெலன் மேடத்தின் எண்ணை இரண்டு தடவை எடுத்தேன். சனிக்கிழமை தொந்தரவு செய்யக் கூடாது.

ஜூன் 27, செவ்வாய்

காலையில் ஹெலன் மேடம். குரல் வேறு மாதிரி இருந்தது.

சித்தம்மா ஈரோட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். சனிக்கிழமை அவளைப் பார்க்க வேண்டிய முறை. வேலையில் இல்லாவிட்டாலும் செங்கமலம் அவராகவே பேருந்து பிடித்து, நடந்து, அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். கையில் மிஷின் இல்லை. முகமும் கையும் வீங்கியிருந்தன. தலைவலி என்றாளாம், எதிரே நிற்பவர்கள் இரண்டாகத் தெரிகிறார்கள் என்றாளாம். ஜீப்புக்குக் கேட்டால் நேரமாகும் என்று, மிளகாய் ஏற்ற வந்த ஒரு வேனை மறித்து அதில் படுக்கவைத்துக் கூட்டிவந்திருக்கிறார். வழியிலேயே இரண்டு தடவை வலிப்பு. அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை, ஒன்றரைக் கிலோ, கண்ணாடிப் பெட்டியில். தாய்க்கு இன்னும் சரியாக நினைவு வரவில்லை.

"அந்தப் பொண்ணுக்குப் பிரஷர் ஏறியிருக்குன்னு யாருக்குமே பதிவு வரலையே நந்தகோபால்" என்றார்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன்.

ஜூன் 28, புதன்

ஈரோட்டுக்குப் போனேன். சபாபதி சாரிடம் வயிற்றுவலி என்று சொன்னேன்.

பிரசவப் பிரிவின் வெளியே செங்கமலம் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சித்தம்மாவின் கணவன் மாதேவன். கையில் மருந்துச் சீட்டை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் செங்கமலம் எழுந்துகொண்டார்.

"சித்தம்மா கண்ணு முழிச்சுருச்சுங்க சார். ஆளு யாருன்னு தெரியுது. ஆனா பார்வை மங்கலாத்தான் இருக்குதாமா. போகப் போகச் சரியாகும்னு டாக்டரம்மா சொல்றாங்க."

"கொழந்த?"

"மூச்சு வாங்குது. பாக்கலாங்க."

பிறகு சொன்னார்:

"போன வியாழக்கிழம ரெண்டு வீடு போனேனுங்க. ஒரு தடவகூட மூடல. நீங்கதான் சரி பண்ணிட்டீங்களாட்ட இருக்குது. நல்லா இருப்பீங்க சார். நேர்ல வந்து பாத்ததுனாலதான ஆச்சு."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். எல்லாம் தெரிந்துகொண்டு குத்திக்காட்டுகிறாரா? என் வாயிலிருந்து வரவழைக்கப் பார்க்கிறாரா? மாதேவனைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பேசுகிறாரா? முகத்தில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முகத்தைத் தோண்டிக்கொண்டிருந்தேன். அவர் நிஜமாகவே நன்றி சொன்னார் என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 30, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 3, திங்கள்

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது கோகிலவாணி என் மேசையில் ஒரு தாளை வைத்தாள். இரண்டே வரி. மே 16, எடுத்தவர் நந்தகோபால். ஜூன் 21, போட்டவர் நந்தகோபால்.

"யாருக்கு அனுப்பப் போற?" என்றேன்.

"யாருக்கும் இல்லண்ணா."

"அப்பறம் எதுக்கு இது?"

"பத்து நாளா நீங்களே சொல்லிருவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன். புதன்கிழம விசாரணை. அந்த அக்காவுக்கு வேலை போயிரும்." தாளை என் பக்கம் நகர்த்தினாள். "அன்னிக்கு நான் கேட்டப்பவே இன்னொரு தடவ கேட்டிருக்கணும். நீங்க முறைச்சீங்க, விட்டுட்டேன். அது எனக்கும் உறுத்திக்கிட்டே இருக்கு."

அவள் சபாபதி சாரிடம் தனியாகப் பேசியது எதற்கு என்று அப்போதும் கேட்டேன். அப்பாவின் டயாலிசிசுக்குச் சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்கத்தானாம்.

ஜூலை 5, புதன்

அந்தியூரில் அறக்கட்டளை அலுவலகம். நீள மேசையின் ஒரு பக்கம் ஹெலன் மேடம், மருத்துவர், நிர்வாகி ஒருவர். இன்னொரு பக்கம் சபாபதி சார், நான். செங்கமலத்துக்குத் தனியாக ஓரத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

என் அறிக்கையை நிர்வாகி வாசிக்க ஆரம்பித்தார். முதல் வரி முடிவதற்குள் நான் எழுந்தேன்.

"அது பொய்ங்க."

சபாபதி சார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். உட்காரவில்லை. மே மாதம் நான் எடுத்த வரிகள், எதற்காக எடுத்தேன், அதனால் அந்தப் போனில் என்ன ஆகும், மலையில் என் கண்ணால் பார்த்தது, பார்த்துவிட்டுப் பேருந்தில் சொன்னது, மறுநாள் யாருக்கும் சொல்லாமல் சரிசெய்தது. வரிசையாகச் சொன்னேன். சித்தம்மாவின் நூற்று நாற்பத்தாறைப் பதினைந்தாம் தேதியே இவர் எனக்குப் போனில் சொன்னார் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மட்டும் வார்த்தை சரியாக வரவில்லை. மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நம்மகிட்டயும் அன்னிக்கு ஆபீஸ்ல வந்து சொன்னாங்க" என்றார் ஹெலன் மேடம், நிர்வாகியைப் பார்த்து. நிர்வாகி தலையைத் தூக்கவில்லை.

செங்கமலம் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த வாரமெல்லாம் நாந்தான் எதையோ தப்பா அமுக்கறேனாட்ட இருக்குதுன்னு நெனச்சேனுங்க. வீட்டுல போய் எம்புள்ளைகிட்டப் போனைக் குடுத்து, அம்மா எங்க தப்புப் பண்றேன்னு பாரு சாமின்னு கேட்டேன்" என்றார்.

அடுத்த வாரம் முதல் அவர் வேலைக்குத் திரும்பலாம். புதுப் போன் கொடுப்பார்கள். செய்தி வந்தாலும் வராவிட்டாலும் செவிலியர் வாயால் சொன்னால் ஜீப் போக வேண்டும் என்று மருத்துவர் நிர்வாகியிடம் எழுதி வாங்கினார். எங்களுடனான ஒப்பந்தத்தைப் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னார்கள்.

ஜூலை 6, வியாழன்

சபாபதி சார் மூன்று மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கல்பனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இத்தன நாளா என்னயும் வேவு பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சில நாட்கள் பார்த்தேன் என்றேன்.

ஜூலை 10, திங்கள்

செங்கமலத்தின் பணிப் பதிவேட்டில் வைக்க என் கையெழுத்தில் ஒரு கடிதம் வேண்டும் என்று ஹெலன் மேடம் கேட்டிருந்தார். அந்தியூருக்கே எடுத்துப் போனேன். குழந்தை இரண்டு நாளாகப் பெட்டிக்கு வெளியே இருக்கிறதாம். சித்தம்மாவுக்கு இடது கண் இன்னும் தெளியவில்லை.

கடிதத்தைச் செங்கமலம் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். ஒரு முறை முழுதாகப் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு மேசையில் விரித்து ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

நான் எழுதியிருந்தது: 'செயலி எதிர்பாராமல் மூடிக்கொண்டதால் செவிலியர் பதிவு செய்த விவரங்கள் இழக்கப்பட்டன.'

"எதிர்பாராமன்னு போட்டிருக்கீங்க சார்."

"ஆமாங்க. அதுக்கு அப்படித்தான் சொல்றது."

"அது எப்படிங்க சார்? எட்டாந்தேதி நீங்க கேட்டப்பவே சொன்னேன். பதனஞ்சாந்தேதி நானே கூப்பிட்டுச் சொன்னேன். மலைக்கு வந்து உங்க கண்ணாலயே பாத்தீங்க."

நான் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தேன்.

"அடிச்ச எடத்துல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க சார்" என்றார். "பின்னால யாராச்சும் நான் அடிச்சேன்னு சொல்லிருவாங்க."

போட்டேன். தேதியும் போட்டேன்.